வீல் பேரிங் சத்தமும் பிரேக் பிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் சின்னதாக ஒரு கார் ஷெட் வைத்திருக்கிறேன். "சக்கரத்துப் பக்கம் ஏதோ சத்தம்", "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று வாரம் தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். அவர்களில் பலர் ஏற்கனவே வேறெங்கோ ஒரு பாகத்தை மாற்றி, காசும் போய், கோளாறும் தீராமல் வந்தவர்கள். சக்கரம் லேசாகச் சுழலத் தாங்கும் பேரிங்கும் பிரேக்கும் ஒரே சக்கரத்துக்குள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஒன்றின் கோளாறு இன்னொன்றின் வேஷத்தில் வரும், ஒன்று மற்றதைக் கெடுக்கவும் செய்யும். பாகம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் காது, கை, ஒரு ஜாக்கி இவற்றை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, வண்டி ஓடும்போது ஊ...ன்னு ஒரு சத்தம். பேரிங் போயிடுச்சா?

சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது, குறைகிறது என்று முதலில் பாருங்கள். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகும் அந்த ஊளை அப்படியே இருந்து, வேகம் இறங்க இறங்கத் தானும் இறங்கினால் அது சக்கரத்தில் இருந்து வருகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி என்றால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் டயர். தார்ச்சாலையில் இருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் சுருதி மாறினால் பெரும்பாலும் டயர்தான். வண்டியை நிறுத்தி, டயர் பட்டைகளை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவும்போது அரம் மாதிரியும் இருந்தால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது. அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர். இருந்த இடத்திலேயே இருந்தால் பேரிங். பஞ்சர் கடையில் கொஞ்ச நேர வேலைதான் இது, ஆனால் வீணாக ஒரு பேரிங் வாங்குவதைத் தடுத்துவிடும்.

சத்தம் வண்டி பூரா கேக்குது. எந்தச் சக்கரம்னு எப்படிச் சொல்றது?

வண்டி வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். இடப்பக்கம் வளைந்தால் வலப்பக்கத்தில் சாயும். கெட்டுப்போன பேரிங் பாரம் ஏறினால் அதிகமாகக் கத்தும். அகலமான காலிச் சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடி, இடப்பக்கம் வளைக்கும்போது அடங்கினால் இடப்பக்கச் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள்.

இது எப்போதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சில பேரிங்குகள் பாரம் குறையும்போது கத்துவதையும் பார்த்திருக்கிறேன். முன்னா பின்னா என்பதும் உள்ளே உட்கார்ந்து கேட்டால் ஏமாற்றும், தரைத்தகடு வழியாகச் சத்தம் பரவிவிடும். அதனால் இந்தச் சோதனையை வைத்து ஒரு சக்கரத்தை ஊகித்துக்கொண்டு, அடுத்து சொல்லும் கைச் சோதனையில் உறுதி செய்யுங்கள்.

ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருன்னு சொல்றாங்க. எங்க பிடிச்சு ஆட்டணும்?

சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்ட் கொடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி வண்டியை ஆட்டக் கூடாது, கீழே போகவும் கூடாது.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே வெளியே அசையுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). பிறகு இடம் வலமாகப் பிடித்து அசையுங்கள். அப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். பேரிங்கா பால் ஜாயிண்டா என்று பிரிக்க ஓர் எளிய வழி உண்டு: வீட்டில் யாரையாவது வண்டிக்குள் உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி உச்சி, அடி பிடித்து ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷன். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும், பேரிங்கைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இடையில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆட்டிப் பார்த்தேன் சார், கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை. அப்போ பேரிங் நல்லாத்தானே இருக்கு?

அப்படிச் சொல்ல முடியாது. இப்போதைய கார்களில் வரும் பேரிங்குகள் கட்டியாக மூடி வருபவை. உள்ளே குண்டு ஓடும் பாதையில் சொரசொரப்பு விழுந்து நன்றாகக் கத்த ஆரம்பித்த பிறகும் பல மாதம் ஆட்டம் காட்டாது. ஆட்டம் வரும்போது கடைசிக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விரல் நுனி போதும். தூக்கிய முன்சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களை மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். டயரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டது என்றால் மணல் போட்ட அம்மியை அரைப்பது போல ஒரு கரகரப்பு விரலில் ஏறும். காதுக்குக் கேட்காத கரகரப்பும் ஸ்பிரிங்கில் தெரியும். எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் அதே மாதிரி சுற்றி ஒப்பிடுங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும்.

கையால சுத்தினா லேசா உரசுற சத்தம் வருது. இதுதான் பிரேக் ஜாமா?

டிஸ்க் பிரேக் இருக்கும் சக்கரத்தில் லேசான உரசல் இருக்கத்தான் செய்யும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பேட் என்ற இரண்டு உரசல் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். அதன் பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து வளையும், விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கும். தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஆகவே பேட் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும்.

ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சக்கரம் ஓரிரண்டு சுற்றாவது தானாகப் போனால் கவலை வேண்டாம். இழுக்கும் சக்கரம் என்றால், அதாவது பெரும்பாலான சின்ன கார்களில் முன்சக்கரம், டிரைவ் ஷாஃப்ட்டையும் டிஃபரன்ஷியலையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் இன்னும் சீக்கிரம் நிற்கும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். இரண்டு கையாலும் தம் கட்டித் திருப்ப வேண்டியிருந்தால்தான் அது பிடிப்பு.

ஓட்டும்போதே பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதுன்னு எப்படித் தெரியும்?

ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி உருண்டு போகாமல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல நிற்கும். மைலேஜ் குறையும். ஒரு சக்கரத்தில் மட்டும் கருப்புத் தூள் அதிகமாகப் படியும். நின்றதும் தீய்ந்த வாடை வரும். சமதரையில் நியூட்ரலில் ஒரு சின்ன காரை ஓர் ஆள் தள்ளி நகர்த்த முடிய வேண்டும், முடியவில்லை என்றால் எதுவோ பிடிக்கிறது.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்க பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், டயர் காற்றையும் அலைன்மெண்ட்டையும் பார்த்த பிறகு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால் கதை வேறு: வலப்பக்க பிரேக் வேலை செய்யாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பக்கத்தைப் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு வீல் மட்டும் கை வைக்க முடியாத சூடு. பேரிங்கா, பிரேக்கா?

பத்து கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தும்போதும் வேகத்தைத் தானாக இறங்கவிட்டு நிறுத்துங்கள். உடனே இறங்கி, தொடாமல், புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் பக்கத்தில் கொண்டு போங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு, பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான் நடக்கிறது. இடமும் வலமும் ஒன்று போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூடான சக்கரத்தின் நட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சொய்ங் என்று சத்தம் போட்டு ஆவியானால் அந்த இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. ஒரு சொட்டு போதும். சூடான டிஸ்க்கின் மேல் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தால் டிஸ்க் கோணிவிடும்.

லேசர் புள்ளி வைத்துச் சூடு பார்க்கும் கருவி கிடைத்தால் டிஸ்க்கையும் சக்கர நடுவையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். டிஸ்க் கொதித்து நடுப்பகுதி அதைவிடக் குறைவு என்றால் பிரேக். டிஸ்க் எதிர்ப்பக்கம் போலவே இருந்து நடு மட்டும் சூடு என்றால் பேரிங். கை வைக்க முடியாத சூட்டோடு என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்தான் காரணமாக இருக்கும். பேரிங் அந்த அளவுக்குச் சூடேறுகிறது என்றால் உடைகிற நிலைக்கு வந்துவிட்டது, அதற்குள் காது செவிடாகும் சத்தம் வந்திருக்கும்.

காலிப்பரை மாத்தணும்னு சொல்லிட்டாங்க. மாத்திடலாமா?

பொறுங்கள். காலிப்பர் விலை அதிகம், பல நேரம் குற்றம் அதனுடையதாக இருக்காது. சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும்போதே, தூக்கிய நிலையில், காலிப்பரில் இருக்கும் ஏர் எடுக்கும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளை அரைச் சுற்று திறக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு குழாயை மாட்டிப் பாட்டிலில் விடுங்கள், பிரேக் ஆயில் பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விட்டுவிட்டால் காலிப்பர் மேல் பழி இல்லை. ஆயில் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது.

திறந்த பிறகும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு இந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது காலிப்பர் நகர்ந்து போகும் இரண்டு பின்கள். கிரீஸ் காய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். சாதாரண பேரிங் கிரீஸைப் போடாதீர்கள், அதில் ரப்பர் ஊறிப் பெருத்து முன்பைவிட இறுகிவிடும். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், அது எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டையில் போக வேண்டும். பின்கள் நன்றாக இருந்தால் பேட் உட்காரும் பிராக்கெட்டைப் பாருங்கள். அங்கே துரு ஏறி, பேட் ஆப்பு அடித்தது போல நிற்கும். கம்பி பிரஷ் போட்டு உரசினால் தீரும் வேலை. இரண்டும் சரி, பிஸ்டன்தான் துருப்பிடித்து உள்ளே போக மறுக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு காலிப்பரைப் பற்றிப் பேசலாம்.

புது பேட் போட பிஸ்டனை உள்ளே அமுக்கினேன், போகவே மாட்டேங்குது. பின்னாடி டிஸ்க் வண்டி.

ஹேண்ட் பிரேக் சேர்ந்து வரும் பின் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனை அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சி கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும். பொத்தானை அழுத்தும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால், ஸ்கேனர் போட்டு அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டு வராமல் தொடவே வேண்டாம்.

பிரேக் ஹோஸ் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கு. அது எப்படி பிரேக்கைப் பிடிச்சு வைக்கும்?

ஹோஸின் உள்சுவர் வயதானால் உரிந்து, தோல் மாதிரி ஒரு மடிப்பாகத் தொங்கும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் பலமானது, மடிப்பைத் தள்ளிக்கொண்டு காலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வரும் அழுத்தம் பலவீனமானது, மடிப்பு கதவு போல மூடிக்கொள்ளும். அதனால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், விடாது. காலிப்பரை மாற்றும்போது அதன் உலோகப் பிராக்கெட்டோடு பழைய ஹோஸை அப்படியே மாட்டிவிடுவார்கள், கோளாறும் அப்படியே திரும்ப வரும்.

காலிப்பர் மாற்றுவது பற்றிய கேள்வியில் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டது அல்லவா? மறுபடி பிரேக் மிதித்துப் பிடிக்கவையுங்கள். இந்தமுறை நிப்பிளைத் தொடாமல், இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் மேல் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லை, நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், அதாவது ஹோஸில். மேல் நட்டிலேயே விட்டுவிட்டால் கோளாறு இன்னும் மேலே இருக்கிறது. சோதனை முடிந்ததும் முழுசாக ஏர் எடுக்காமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

எனக்கு நாலு வீலும் பிடிக்குது. அரை மணி நேரம் நிறுத்தினா தானா சரியாயிடுது, மறுபடி ஓட்டினா மறுபடி பிடிக்குது.

இது மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகத்தின் பக்கத்துக் கதை. ஆயில் டேங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறது. காலை எடுத்ததும் அழுத்தம் அந்தத் துளை வழியாகத் திரும்ப வேண்டும். பெடல் முழுசாக மேலே வராவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அந்தத் துளையை மூடிக்கொண்டே நிற்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கை அழுத்தும், அதனால் இன்னும் சூடாகும். நிறுத்தி ஆறவிட்டால் சுருங்கி விட்டுவிடும். பூஸ்டர் மாற்றியவர்கள், பிரேக் லைட் சுவிட்சைச் சரிசெய்தவர்கள் வண்டிகளில் இது அடிக்கடி வரும். பூஸ்டரில் இருந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும் தள்ளு கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலே போதும். பிடித்திருக்கும் நேரத்தில் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். சக்கரங்கள் விட்டுவிட்டால் தள்ளு கம்பியோ பெடலோதான் காரணம். சோதித்ததும் நட்டுகளை இறுக்கிவிடுங்கள்.

முன் இடமும் பின் வலமும் மட்டும் சேர்ந்து பிடிக்கிறது என்று ஒருவர் வந்தார், இரண்டு காலிப்பருமே கெட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு. முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்காக, ஒரு முன்சக்கரத்தோடு எதிர்ப்பக்கப் பின்சக்கரம் என்று ஜோடி போட்டிருக்கும். குறுக்கு ஜோடியாகப் பிடித்தால் சக்கரங்களை விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரையும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டையும் பாருங்கள்.

பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தது, வீட்ல இருந்த ஸ்டீயரிங் ஆயிலை ஊத்திட்டேன். அதனால இருக்குமா?

அதனாலேயே இருக்கும். வண்டியை இனி ஓட்டாதீர்கள். பிரேக் அமைப்பில் இருக்கும் ரப்பர்கள் பிரேக் ஆயிலுக்கென்று செய்யப்பட்டவை, இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ பட்டால் ஊறிப் பெருக்கும். மேலே சொன்ன துளையை அடைப்பது, பிஸ்டனை இறுக்குவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். டேங்க் மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வீங்கி, நெளிந்து, தன் இடத்தில் உட்கார மறுத்தால் அதுவே சாட்சி. ஒரு டம்ளர் தண்ணீரில் டேங்கில் இருந்து சில சொட்டு விட்டுப் பாருங்கள்: டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும், மற்ற எண்ணெய் மிதக்கும். மிதந்தால் குழாய்களைக் கழுவி, ரப்பர் உள்ள பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். செலவு பெரிதுதான், ஆனால் பாதி மாற்றிவிட்டு நம்பி ஓட்டும் விஷயம் இல்லை இது.

மழை நேரத்துல ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். வண்டி நகரவே மாட்டேங்குது.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். பின் டிரம்முக்குள் ஈரம் புகுந்து, துரு ஏறி, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. முரட்டுத்தனமாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து இழுத்தால் ஷூவின் லைனிங் பிய்ந்து டிரம்முக்குள்ளேயே கிடக்கும். ரிவர்ஸ், முதல் கியர் என்று மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தை மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ட்டப் என்று ஒரு சத்தத்தோடு விடும். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

விட்ட பிறகும் பிடிப்பு தெரிந்தால், லீவருக்குப் பக்கத்தில் கேபிளைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுதந்திரமாகச் சுற்றினால் கேபிள் உறைக்குள் துரு. அப்போதும் பிடித்தால் ஷூ, அட்ஜஸ்டர், வீல் சிலிண்டர் என்று உள்ளே பார்க்க வேண்டும். அடுத்தமுறை நாள்கணக்கில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

வெள்ளத்துல ஒரு தடவை ஓட்டினேன். ஒரு மாசம் கழிச்சு சத்தம் வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. ஓடிவந்த சூட்டில் பேரிங்குக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கிரீஸ் மெல்லக் கெட்டு, குண்டுகளில் துருப்புள்ளி விழுந்து, சில வாரம் கழித்துத்தான் கத்த ஆரம்பிக்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. சக்கர நடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றிருந்தால் இன்ஜினோடு சேர்த்து நாலு பேரிங்கையும், காலிப்பர் பின்களையும், டிரம்மையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள்.

கொல்லிமலை இறங்கினப்போ தீய்ஞ்ச வாடை. பிரேக் பிடிச்சிருக்கா?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி காரவள்ளி அடிவாரத்தில் நிறுத்தினால், கோளாறே இல்லாத வண்டியிலும் வாடை வரும். இரண்டு முன்சக்கரமும் ஒரே அளவு சூடாக இருந்து, ஆறிய பிறகு சக்கரங்கள் சுலபமாகச் சுற்றினால் பிரேக்கை அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தால் முன்னே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் அங்கேயே ஓரம் கட்டுங்கள், ஆயில் கொதிக்கிறது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரியிலும் டாட் 4 ஆயில் 230 டிகிரியிலும் கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஆனால் இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவுகளே 140, 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள்.

புது பேரிங் போட்டு மூணு மாசம்கூட ஆகலை, மறுபடியும் அதே சத்தம். பேரிங் டூப்ளிகேட்டா?

போலி பெட்டிகள் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: எப்படி அடித்து இறக்கினார்கள்? பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குழி, ஆனால் புது பேரிங்கின் ஆயுள் அங்கேயே முடிந்தது. லேத் பட்டறைக்கோ பிரஸ் இருக்கும் ஷெட்டுக்கோ நக்கிளைக் கொண்டு போய் இறக்குவதுதான் சரி. ஆக்ஸில் நட்டையும் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு வைத்து இறுக்க வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் புது நட்டாகவும் இருக்க வேண்டும். நட்டை இறுக்காமல் சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியை உருட்டினாலும் பேரிங் பாழாகும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் மறுபடி போனால் பிரேக்கைப் பாருங்கள். ஒரு டாக்ஸி என் ஷெட்டுக்கு வந்தது, ஒரே வருடத்தில் அதே சக்கரத்தில் மூன்றாவது பேரிங். கழற்றியபோது கிரீஸ் தேன் மாதிரி உருகி ஓடியிருந்தது, சக்கரம் மாட்டும் ஹப் நீலம் பாரித்திருந்தது. காலிப்பரின் கீழ்ப் பின்னை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. இதற்கு முன் வேலை செய்த மெக்கானிக்குகள் பேரிங்கை மட்டும் பார்த்தார்கள், அதைச் சுட்டுக்கொண்டிருந்த பிரேக்கை யாரும் பார்க்கவில்லை. பின்னைச் சுத்தம் செய்து, பேட் மாற்றி, நான்காவது பேரிங் போட்டோம். அது இன்னும் ஓடுகிறது.

பேரிங் மாத்தினதுக்கு அப்புறம் ஏபிஎஸ் லைட் அணையவே மாட்டேங்குது.

பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் பதித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் சென்சார் வேகத்தை எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஏமாந்துவிடுவார்கள். போடும் முன் ஒரு சின்ன குண்டூசியைச் சீலுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பிப் போட்டதைக் கழற்றினால் அந்தப் பேரிங் மறுபடி உதவாது, இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.

முதல் மிதியில பெடல் கீழே போகுது, ரெண்டாவது மிதியில சரியா இருக்கு. ஏர் எடுத்தும் போகலை. இதுல பேரிங்குக்கு என்ன வேலை?

மேடு பள்ளமான சாலையிலோ வளைவிலோ போய்விட்டு வந்த பிறகு மட்டும் இப்படி ஆகிறதா? அப்படியென்றால் பேரிங்குக்குத்தான் வேலை. ஆட்டம் விழுந்த பேரிங்கில் டிஸ்க் தள்ளாடும். தள்ளாடும்போது பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிவிடும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். நிற்கப்போகும் மெதுவான வேகத்தில் காரணமில்லாமல் ஏபிஎஸ் கடகடவென்று துடிப்பதும் இதே ஆட்டத்தால் வரலாம், சென்சார் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்னபடி ஆட்டிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே எப்போதும் பெடல் இறங்கினால் காற்றோ மாஸ்டர் சிலிண்டரோதான்.

ஒரு பக்கம் மாத்தினா இன்னொரு பக்கமும் மாத்தணுமா?

பேட், ஷூ என்றால் கட்டாயம் இரண்டு பக்கமும். ஹோஸ் ஒன்று போயிருந்தால் அதே வயது ஜோடியையும் மாற்றுவது நல்லது. பேரிங் கெட்ட பக்கம் மட்டும் போதும்.

இப்போதைக்கு இப்படியே எத்தனை நாள் ஓட்டலாம்?

ஊளை மட்டும் இருந்து, ஆட்டமும் சூடும் இல்லை என்றால் வேகத்தைக் குறைத்து, நெடுந்தூரம் போகாமல், இந்த வாரமே ஷெட்டில் விடுங்கள். சக்கரம் ஆடினால் ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். பிரேக் பிடித்து வாடை வரும் வண்டியையும் ஓட்டாதீர்கள். ஆயில் கொதித்தால் பெடல் கைவிடும், கிரீஸும் ரப்பரும் தீப்பிடிக்கவும் செய்யும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு "மெதுவா போயிடலாம்" என்று கிளம்பியவர்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

எல்லாச் சோதனையும் பண்ணியாச்சு. ஆட்டம் இல்லை, சூடு இல்லை, கரகரப்பு இல்லை. ஆனா சக்கரத்துல இருந்து கர்... கர்...னு வருது.

ஜல்லி கொட்டிய சாலையில் போனீர்களா? டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரக் கவசம் ஒன்று இருக்கிறது. அதற்கும் டிஸ்க்குக்கும் இடையில் மொச்சைக்கொட்டை அளவு ஜல்லி ஒன்று சிக்கினால் உலகமே இடிவது போலக் கத்தும், ரிவர்ஸில் போனால் சில நேரம் நின்றுவிடும். சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் பின்முகத்தில் புதிதாக ஒரு பளபளப்பான வட்டக் கீறல் தெரியும். கவசத்தை விரலால் லேசாக வெளியே வளைத்து, டிஸ்க்கைக் கையால் சுற்றினால் கல் தானாகக் கீழே விழும்.